கழிமுகங்களின் கரை

தென்னாப்பிரிக்காவின் கிழக்கில், ம்தம்வுனா ஆற்றுக்கும் பெரிய கெய் ஆற்றுக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டர் நீளும் கரைக்கு 'வைல்ட் கோஸ்ட்' என்று பெயர். 'காட்டுக்கரை' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே நடத்தப்பட்ட பல நாள் மலைச் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிப் படிக்கையில், வென்றவர்களைவிட அவர்கள் கடந்த வழியே நம் கவனத்தை ஈர்க்கிறது. கரையை ஒட்டிய நெடுஞ்சாலை அங்கில்லை. உள்நாட்டில் ஓடும் நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலைகள் மீன்முள்போலக் கடலை நோக்கி இறங்குகின்றன. கரையோரமாகவே செல்வோருக்கு மாட்டுத்தடங்களும், ஓதம் வற்றுகையில் இறுகிக் கிடக்கும் ஈரமணலும்தாம் பாதை. கழிமுகம் குறுக்கிட்டால் படகேற வேண்டும். அல்லது சைக்கிளைத் தோளில் சுமந்து நீரில் இறங்க வேண்டும். புறப்படும் நேரத்தைக்கூட ஓதமே நிர்ணயிக்கிறது.

இதே கழிமுகங்கள் ஒரு காலத்தில் உயிர்களின் கணக்கைத் தீர்த்தன. 1782-இல் சென்னையிலிருந்து கிளம்பி, திருகோணமலை வழியாக இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் 'க்ராஸ்வெனர்' கப்பல், ஆகஸ்ட் 4 அன்று இக்கரைப் பாறைகளில் மோதிச் சிதைந்தது. 120-க்கும் மேற்பட்டோர் உயிருடன் கரையேறினர். டச்சுக் குடியிருப்புகள் உண்மையில் இருந்ததைவிட மிக அருகில் இருப்பதாகக் கணித்த கேப்டன் காக்ஸன், அவர்களைத் தெற்கு நோக்கி நடத்தினார். ஒவ்வோர் ஆற்றிலும் நீந்தத் தெரிந்தவர் முன்னே போக, குழுக்கள் உடைந்தன. முதல் ஆறு மாலுமிகள் மனிதக் குடியேற்றத்தின் எல்லையை, அதாவது ஐரோப்பியரின் எல்லையை, எட்ட ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. மீண்டவர்களாகப் பதிவானோர் மொத்தம் 18 பேர். அவர்களுள் லாஸ்கர்களும் இரண்டு ஆயாக்களும் உண்டு. கேப்டனும் சீமாட்டிகளும் இல்லை.

'அதாவது' என்று நாம் திருத்த வேண்டியிருப்பதில்தான் இக்கரையின் வரலாறு இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் வனாந்தரம் என்று கண்டது ம்போண்டோ மக்களின் நாடு. கால்நடையும் சோளக்கொல்லையும் குடியிருப்புகளுமாக அது நிறைந்திருந்தது. 1894-இல் கேப் காலனி அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இனஒதுக்கல் அரசு திணித்த நிர்வாகத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தபோது, 1960 ஜூன் 6 அன்று ங்குசா குன்றில் போலீசார் 11 பேரைச் சுட்டுக்கொன்றனர். 1976-இல் டிரான்ஸ்கை என்ற பெயரளவிலான 'சுதந்திர நாடு' உருவாக்கப்பட்டு, 1994 வரை நீடித்தது. இங்கே சாலை இல்லாமற்போனதற்கு ஆறுகளின் ஆழம் மட்டுமே காரணமன்று. அரசியலின் புறக்கணிப்பும் காரணம்.

பின்னர் கவனம் திரும்பியபோது அது மண்ணுக்குள் இருந்த டைட்டானியத்தின் மீது விழுந்தது. க்ஸோலோபேனியில் சுரங்கத்தை எதிர்த்த அமடிபா மக்களின் தலைவர் சிகோசிபிசோ ரதேபே 2016-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சமூகத்தின் முழுச் சம்மதமின்றிச் சுரங்க உரிமை வழங்கலாகாது என்று 2018-இல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையருகே திட்டமிடப்பட்ட நெடுஞ்சாலையையும் அம்மக்கள் எதிர்த்தனர். சாலையே கூடாதென்பதன்று அவர்கள் வாதம். அதை உள்ளே தள்ளிப் போடுங்கள் என்பதே.

தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் பொழுதுபோக்குக்காக மோட்டார் வண்டி ஓட்டுவதை 2002-இல் தடைசெய்தார்கள். சைக்கிளின் தடமோ அடுத்த ஓதம் வரைக்கும்தான். ஆயினும் பந்தயக்காரர் மிதிக்கும் மாட்டுத்தடம், யாரோ தலைமுறைகளாக நடந்து உண்டாக்கியது. அந்த நடையாளர்கள் நிலத்தைக் காத்திராவிடில், 'காட்டுக்கரை' என்று வியந்து கடக்க இவர்களுக்கு ஒரு கரையே எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.