தக்கைப்பூண்டு சத்து நெல்லுக்குப் போனதா? காட்டிக்கொடுக்கும் 'நைட்ரஜன்-15'

மயிலாப்பூர் மெஸ்ஸில் நாம சாப்பிடுற சோற்றிலும் நைட்ரஜன் இருக்கு. அது நெல்லுக்கு யூரியாவிலிருந்து வந்ததா, பசுந்தாள் உரத்திலிருந்து வந்ததா? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கு.

பசுந்தாள் உரம்னா என்ன?

தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றும். பூக்கும் பருவத்தில் செடியை மடக்கி உழுதுவிட்டு நெல் நடுவார்கள்.

எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

இயற்கை நைட்ரஜனில் 99.6% 'நைட்ரஜன்-14'. சற்று எடை கூடிய 'நைட்ரஜன்-15' சுமார் 0.37% மட்டுமே. எடை கூடிய இந்த வகை அதிகமுள்ள உரத்தைப் போட்டு பசுந்தாள் செடியை வளர்த்து, சோதனை வயலில் உழுவார்கள். அறுவடையானதும் நெல், வைக்கோல், மண் மூன்றையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சோதித்தால், எது எங்கே போனது என்ற கணக்கு கிடைக்கும்.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

இல்லை. நைட்ரஜன்-15 கதிரியக்கம் இல்லாதது.

விவசாயிக்கு என்ன பயன்?

செடி தந்த நைட்ரஜனில் ஒரு பகுதியைத்தான் முதல் நெல் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதி மண்ணில் தங்கும்; கொஞ்சம் காற்றிலும் நீரிலும் வீணாகும். இந்தக் கணக்கு தெரிந்தால்தான் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்னு சொல்ல முடியும். 2024-25 வேளாண் பட்ஜெட்டில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் மூலம் தமிழக அரசு பசுந்தாள் உரத்தை ஊக்குவித்ததால், இந்தக் கேள்விக்கு மதிப்பு கூடியது.