ஒரு பார்ட் நம்பரின் கதை

காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்று ஒரு சின்னப் பகுதி வரும். ஒரு பொருளைச் செய்ய எந்தெந்தப் பாகம், எத்தனை வேண்டும் என்ற பட்டியல். இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் நிலவுக்கு மனிதனை அனுப்பியவர்களுக்கு இந்தப் பட்டியல்தான் பெரிய தலைவலி!

சாட்டர்ன் 5 ராக்கெட்டில் மட்டும் சுமார் 30 லட்சம் பாகங்கள். இன்ஜினியர் ஒரு வால்வின் அளவை மாற்றினால் அது வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பழைய அளவிலேயே ஆர்டர் போய்க்கொண்டிருக்கும். பேப்பரிலும் கார்டிலும் இதைச் சமாளிக்க முடியாது என்பதால், அப்போலோ விண்கலத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் நிறுவனமும் (பின்னாளில் ராக்வெல்), ஐபிஎம்மும், புல்டோசர் செய்யும் கேட்டர்பில்லரும் சேர்ந்து 1966-ல் ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தார்கள். 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிபோர்னியாவில் டவுனி என்ற ஊரில் இருந்த டெர்மினலில் 'ரெடி' என்ற வார்த்தை வந்தது. ஐஎம்எஸ் என்ற அந்த டேட்டாபேஸ் மரம் போல அமைந்தது. தாய்ப் பாகம், அதன் கீழே குழந்தைப் பாகங்கள், அவற்றின் கீழே இன்னும் குட்டிகள். பாகப் பட்டியலே அப்படித்தானே இருக்கிறது! பின்னால் வங்கிகளும் இதையே வாங்கிப் போட்டுக்கொண்டன என்பது தனிக்கதை.

அதே காலத்தில் சாதாரணத் தொழிற்சாலைகளில் இன்னொரு மாற்றம் நடந்தது. காமர்ஸ் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதுவரை பொருள் வாங்கும் வழி நாம் படிக்கும் ரீஆர்டர் லெவல்தான். பின் கார்டைப் பார், இருப்பு குறைந்தால் ஆர்டர் போடு. இந்த முறையில் இன்ஜினியரின் பட்டியல் தப்பாக இருந்தால்கூடப் பெரிய மோசமில்லை, ஏனென்றால் வாங்குகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. ஐபிஎம்மில் இருந்த ஜோசப் ஆர்லிக்கி வேறு மாதிரி யோசித்தார். 100 டிரில் மெஷின் செய்யப் போகிறோம் என்றால் 100 மோட்டார் வேண்டும். இதற்கு எதற்கு போன வருஷ சராசரி? கணக்குப் போட்டாலே தெரிந்துவிடுமே! எம்ஆர்பி என்ற இந்த முறையை 1964-ல் முதலில் பயன்படுத்தியது பிளாக் அண்ட் டெக்கர். (உண்மையிலேயே டிரில் மெஷின் கம்பெனிதான்.) ஆர்லிக்கியின் புத்தகம் 1975-ல் வந்தது.

இங்கேதான் சிக்கலும் ஆரம்பித்தது. இனி பட்டியலில் இருப்பதைத்தான் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லும். பட்டியல் தப்பு என்றால் ஆர்டரும் தப்பு. 1972-ல் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் எஸ்ஏபி ஆரம்பித்தார்கள். கொள்முதலும் ஸ்டாக்கும் கணக்கும் ஒரே இடத்துக்கு வந்தன. வரைபடங்களோ கேட் சாஃப்ட்வேரில் தனியாக வளர்ந்தன. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினாலும் ஒரே பாஷையில் பேசவில்லை. இன்ஜினியரின் பட்டியலில் பசை, பெயின்ட், பேக்கிங் அட்டை எல்லாம் இருக்காது. வாங்குகிறவருக்கு அதுவும் வேண்டும். 1980-களில் ஜீப் செய்த அமெரிக்கன் மோட்டார்ஸ் வரைபடங்களையும் பாக விவரங்களையும் ஒரே டேட்டாபேஸில் வைக்க முயன்றது. பிஎல்எம் என்று இன்று சொல்வதன் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று.

இந்த இரண்டு உலகங்களையும் கட்டி வைத்திருக்கும் ஒரே கயிறு பார்ட் நம்பர். அதற்கு ஒரு பழைய விதி உண்டு. வடிவமோ, பொருத்தமோ, செயல்பாடோ மாறினால் நம்பரும் மாற வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் உதாரணம்.

ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் சாவி போடும் இக்னிஷன் ஸ்விட்ச் பிடிப்பில்லாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்து இழுத்தாலோ முழங்கால் பட்டாலோ ஓடும் காரிலேயே சாவி திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், பிறகு மோதினால் ஏர்பேக் விரியாது. 2006 ஏப்ரலில் உள்ளே இருந்த சின்ன ஊசியையும் ஸ்பிரிங்கையும் மாற்ற ஒரு இன்ஜினியர் ஒப்புதல் கொடுத்தார். பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை.

கொள்முதல் சிஸ்டத்தில் போய்ப் பார்த்தால் ஒரு முரண்பாடும் தெரியாது. அதே நம்பர், அதே சப்ளையர். இரண்டு கம்ப்யூட்டர்களும் அருமையாக ஒத்துப்போயின, ஆனால் பெட்டிக்குள் இருந்தது வேறு பொருள்! பழைய கார்களில் வரும் இந்தப் பிரச்சனை புதிய கார்களில் ஏன் வருவதில்லை என்று கம்பெனியின் சொந்த விசாரணையாளர்களே வருஷக்கணக்கில் குழம்பினார்கள். ரெக்கார்டின்படி ஸ்விட்ச் மாறவே இல்லையே. கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் நடந்த ஒரு விபத்து வழக்குக்காக, வெளியிலிருந்து வந்த நிபுணர் பழைய ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புது ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஊசியின் நீளம் வேறு. 2013-ல் விஷயம் வெளியே வந்தது.

2014 பிப்ரவரியில் கார்களைத் திரும்ப அழைக்க ஆரம்பித்தார்கள். முதலில் 2007 வரையிலான கார்கள் மட்டும்தான். மார்ச் மாதத்தில் 2008 முதல் 2011 வரையிலான கார்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அவை நல்ல ஸ்விட்சோடு வெளிவந்த கார்கள்தான். ஆனால் ரிப்பேருக்குப் போன இடத்தில் ஸ்பேர் பார்ட்டாகப் பழைய ஸ்விட்ச் மாட்டப்பட்டிருக்கலாம். எந்தக் காரில் எது என்று சொல்ல வழியே இல்லை. மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.