பக்கத்து வயல் எந்த நாடு? - கொள்ளைநோய் பயமும் புதுச்சேரி கிராமங்களும்

ஊசுட்டேரியின் கரையில் நின்று பார்த்தால் தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியில் இருக்கிறது, இன்னொரு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஏரிக்கு வரும் நாரைக்கு இது தெரியாது. கிருமிக்கும் தெரியாது!

வில்லியனூர், பாகூர் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் கொஞ்ச தூரம் போவதற்குள் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், பிறகு மறுபடியும் புதுச்சேரி வரும். வீடு ஒரு பக்கம், நிலம் ஒரு பக்கம். பெண் கொடுத்த ஊர் ஒரு பக்கம், பெண் எடுத்த ஊர் இன்னொரு பக்கம். இன்றைக்கு இது இரண்டு அரசுகளுக்கு நடுவே உள்ள எல்லை, அவ்வளவுதான். ஆனால் 1954 வரை இது இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த எல்லை. ஒரு பக்கம் பிரெஞ்சு ஆட்சி. மறு பக்கம் 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சி, அதற்குப் பிறகு சுதந்திர இந்தியா.

"வெளிநாட்டில் கொள்ளைநோய்" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஊரில் வெளிநாடு எங்கே தொடங்குகிறது? கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கடந்த 130 வருடங்களில் இந்தக் கேள்வி பலமுறை உயிர்ப் பிரச்சினையாகவே வந்திருக்கிறது.

ஹாங்காங் முதல் பம்பாய் வரை

1894-இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியது. பாஸ்டரிடம் பாடம் கற்ற அலெக்சாந்தர் யெர்சின் என்பவர் அங்கே போய் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் இருந்தவர்களுக்கு அப்போது அது தூரத்துச் செய்தி. இரண்டே வருடத்தில் நோய் பம்பாய்க்கு வந்துவிட்டது. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் அது பிளேக்தான் என்று அடையாளம் கண்டார்.

பிறகு நடந்தது நோயைவிட வேகமாகப் பரவிய பயம். லட்சக்கணக்கான மக்கள் பம்பாயை விட்டு ஓடினார்கள். ஓடுவதற்கு ரயில் இருந்தது. தொற்றிய பிறகு சில நாட்கள் கழித்துத்தான் பிளேக் வெளியே தெரியும். அதற்குள் ரயில் ஏறியவர் நாட்டின் மறு கோடிக்கே போய்விடலாம். 1879-லேயே விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்துவிட்டது. ஆக, பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த வில்லியனூரும் பம்பாயோடு தண்டவாளத்தால் இணைந்த ஊர்தான்.

ஐரோப்பா யாரைப் பார்த்து பயந்தது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1897-இல் ஐரோப்பாவுக்கு "வெளிநாட்டுக் கொள்ளைநோய்" என்றால் அது இந்தியாதான்! அந்த வருடம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெனிஸ் நகரில் ஐரோப்பிய அரசுகள் கூடி, இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களை என்ன செய்வது என்று பேசின. பம்பாயிலிருந்து கிளம்பும் ஹஜ் பயணம் அந்த வருடம் நிறுத்தப்பட்டது.

புதுச்சேரியின் நிலைமை விசித்திரமானது. தென்னார்க்காட்டில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்சேய்க்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்சியால் பிரான்சு, மண்ணால் இந்தியா. பயந்தவர்கள் பட்டியலிலும் அதன் பெயர் உண்டு, பயமுறுத்தியவர்கள் பட்டியலிலும் உண்டு.

இப்படிச் சந்தேகத்தோடு பார்க்கப்படுவது இந்தப் பகுதி மக்களுக்குப் புதிதும் அல்ல. அதற்கு முன்பே புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏராளமான தமிழர்கள் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1859-இல் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ஒரு கப்பலின் மூலம் அந்தத் தீவில் காலரா புகுந்து 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு தீவுக்காரர்களுக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு கூலியும் நோயாகவே தெரிந்தான். 1860-களில் லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் கட்டினார்கள். கடல் கடந்து போன நம்மவர்கள் தோட்டத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சுவர்களைத்தான் பார்த்தார்கள். அந்தக் கட்டடங்கள் இன்றும் நினைவிடமாக நிற்கின்றன.

பூனாவும் சென்னையும்

பிளேக் கதைக்குத் திரும்புவோம். 1897 பிப்ரவரி 4-இல் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பூனாவில் சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பினார்கள். சமையலறை, பூஜை அறை எல்லாம் சோதனைக்கு உள்ளாயின. சாமான்களை எடுத்து எரித்தார்கள். நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். பலன்? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். ஜூன் 22-ஆம் தேதி இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நோயை அடக்கப் போன அரசு, மக்களின் நம்பிக்கையை அடக்கம் செய்துவிட்டது.

சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்ற ஒரு முறை வந்தது. நோயுள்ள இடத்திலிருந்து வரும் பயணியை ரயில் நிலையத்தில் பரிசோதித்து ஒரு சீட்டு கொடுப்பார்கள். அவர் தன் ஊருக்கே போகலாம், தன் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் 10 நாட்கள் அதிகாரி முன்னால் போய் நின்று ஆளைக் காட்ட வேண்டும். கிராமம் என்றால் அங்குள்ள கிராம அதிகாரியிடம். காய்ச்சல் வந்தால் உடனே தெரிந்துவிடும்.

இதுவும் தேன் தடவிய திட்டம் அல்ல. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பிளாட்பாரத்திலேயே தொட்டுப் பார்த்தார்கள். பெண்களுக்கு அது பெரிய அவமானம். மூன்றாம் வகுப்புப் பயணிகள் பட்ட கஷ்டத்தை முதல் வகுப்புக்காரர்கள் படவில்லை. இருந்தாலும் இதன் அடிப்படையில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ஊரை மூடாமல் ஆளைப் பின்தொடர்வது என்பதுதான் அது.

ஆனால் சென்னை அரசின் சட்டம் பிரெஞ்சு எல்லையோடு நின்றுவிடும். பாகூர் வயலில் நாற்று நட வந்த பக்கத்து ஊர்ப் பெண் காலையில் ஆங்கில ராஜ்யத்தில் இருப்பாள், மதியம் பிரெஞ்சு ராஜ்யத்தில் இருப்பாள், சாயங்காலம் மறுபடியும் ஆங்கில ராஜ்யம். நெல் மூட்டையில் பதுங்கிய எலிக்கு எந்த ராஜ்யமும் இல்லை!

பயந்தது ஒன்று, வந்தது ஒன்று

1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு வருவது தெள்ளுப்பூச்சிதான் என்று கண்டுபிடித்தார். எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டுத் தோப்பில் குடிசை போட்டுக்கொள்வது பல கிராமங்களில் ஏற்கனவே பழக்கம். மக்களின் அனுபவத்துக்கு அறிவியல் காரணம் சொன்னது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிமோன் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது.

இந்தியாவில் பிளேக் 1 கோடிக்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. பம்பாயும் பஞ்சாபும் மிக அதிகமாக அடி வாங்கின. சென்னை மாகாணத்தில் சேலம், கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில்தான் அதன் தாக்கம் அதிகம். கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. சென்னைக் கடற்கரைப் பகுதி பெரும்பாலும் தப்பியது.

பாஸ்போர்ட்டும் பரிசோதனையும்தான் காப்பாற்றின என்று அதிகாரிகள் சொல்லிக்கொள்ளலாம். பிறகு நடந்த ஆராய்ச்சிகள் வேறொரு காரணத்தையும் காட்டின. பம்பாய் எலிகளின் மேல் அதிகம் இருந்தது கியோபிஸ் என்ற வகைத் தெள்ளு. சென்னையிலும் கொழும்பிலும் அதிகம் இருந்தது ஆஸ்டியா என்ற வேறு வகை. பிளேக்கைப் பரப்புவதில் அது மட்டம். கொழும்பில் வேலை பார்த்த ஹர்ஸ்ட் போன்றவர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். அதாவது, ஒரு கடற்கரையே தப்பியதில் ஒரு பூச்சிக்கும் பங்கு உண்டு.

20 வருடங்களாக எல்லோரும் பிளேக்கையே பார்த்துக்கொண்டிருந்தபோது, 1918-இல் முதல் உலகப்போர்க் கப்பல்களோடு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பம்பாயில் இறங்கியது. 'வெறும் காய்ச்சல்தானே' என்று நினைத்த அந்த நோய், சில மாதங்களுக்குள் இந்தியாவில் 1 கோடிக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. பிளேக் பல வருடங்களில் செய்ததை அது ஒரே வருடத்தில் செய்து முடித்தது. எலியையும் நெறியையும் தேடிப் பழகிய கண்கள் இருமலைத் தேடவில்லை.

மறுபடியும் அதே கோடு

1954 அக்டோபர் 18-இல் வில்லியனூருக்குப் பக்கத்தில் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். அதில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. நாடுகளின் எல்லை போய், நிர்வாக எல்லை மட்டும் மிச்சம் இருந்தது. அந்தக் கோடு பெரும்பாலும் மக்கள் கண்ணில் படாமலேயே கிடந்தது. 2020 வரை!

2020 ஜனவரியில் சீனாவின் வூஹான் நகரம் எல்லோர் வாயிலும் இருந்தது. ஜனவரி 30-ஆம் தேதி, வூஹானிலிருந்து கேரளா திரும்பிய மாணவி ஒருவருக்குத் தொற்று உறுதியானது. நோய் பக்கத்தில் வருவதற்கு முன்பே வதந்தி வந்துவிட்டது. கோழி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட, கோழிக்கறியும் முட்டையும் விலை போகாமல் பண்ணைக்காரர்கள் நொந்துபோனார்கள்.

பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரிப் பக்கம் நிறைய. நேற்று வரை விமானத்தில் வந்து இறங்கியவருக்குத் தனி மரியாதை. இப்போது அவர் வீட்டுப் பக்கம் போகவே ஆள் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முதல் தொற்று மார்ச் 17-இல் பதிவானபோது அது வில்லியனூரிலும் இல்லை, பாகூரிலும் இல்லை. கேரளத்துக்கு நடுவே, அரபிக்கடல் ஓரத்தில் இருக்கும் மாஹேயில்! எல்லைகளை நம்பிப் பயப்படுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மார்ச் 24 நள்ளிரவோடு நாடு முழுவதும் ஊரடங்கு. கடலூர் சாலையில் முள்ளோடை, திண்டிவனம் சாலையில் கோரிமேடு என்று எல்லைகளில் தடுப்புகள் முளைத்தன. தமிழகத்தின் பல கிராமங்களில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்து, 'வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது' என்று எழுதி வைத்தார்கள். கூலி வேலை அந்தப் பக்கம், குடும்பம் இந்தப் பக்கம் என்று இருந்தவர்களுக்கு அந்த முள் வயிற்றில் குத்தியது. ஜிப்மருக்குச் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களுக்கும் அதே தடுப்புதான். 1897-ஆம் வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டமே 2020-லும் தூசி தட்டி எடுக்கப்பட்டது என்பது இன்னொரு செய்தி.

பயத்தின் உச்சத்தைச் சென்னை காட்டியது. அந்த ஏப்ரலில், கோவிட் நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவருக்கே ஆறடி மண் மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குபவர்களுக்குக் கடும் தண்டனை தரும் வகையில் அந்தப் பழைய சட்டம் திருத்தப்பட்டது.

கடைசியாக...

பயப்படுவது தப்பா? இல்லை. பயம் இல்லாமல் யாரும் கை கழுவ மாட்டார்கள், முகக்கவசம் போட மாட்டார்கள், தடுப்பூசிக்கு வரிசையில் நிற்க மாட்டார்கள். பயம் யாரைப் பார்த்து விரல் நீட்டுகிறது என்பதில்தான் சிக்கல். ரெயூனியனில் அது கூலியைக் காட்டியது. வெனிஸில் இந்தியாவைக் காட்டியது. 2020-இல் ஊர் திரும்பியவரையும், இறந்துபோன மருத்துவரையும் காட்டியது. ஒவ்வொரு முறையும் விரலுக்கு அந்தப் பக்கம் நின்றவரும் ஒரு மனிதர்தான்.

பூனாவும் சென்னையும் சொல்லும் பாடம் எளிமையானது. ஒளிந்துகொள்ள வைக்கும் பயம் நோயை வளர்க்கும். 'ஊரிலிருந்து வந்திருக்கிறேன், காய்ச்சல் அடிக்கிறது' என்று ஒருவர் தைரியமாக வந்து சொல்லும் நிலைமை இருந்தால் நோய் அடங்கும். அவர் அப்படிச் சொல்ல வேண்டுமானால், சொன்னதும் கல் வரக்கூடாது. 10 நாள் வீட்டில் இருக்கச் சொன்னால் அந்த 10 நாள் சோற்றுக்கும் வழி இருக்க வேண்டும்.

அடுத்த நோய் எந்த நாட்டிலிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது வரும்போது முள்ளோடையிலும் கோரிமேட்டிலும் மறுபடியும் தடுப்பு வைப்பார்கள். அன்றைக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கப்போவது வேற்று நாட்டுக்காரர் அல்ல. பெண் கொடுத்த சம்பந்தியும், நாற்று நட வந்த அக்காவும்தான்!