மெஷின் குணப்படுத்தாது... ஆனா கத்துக்கொடுக்கும்! மன அழுத்தம், மைக்ரேனுக்கு ‘பயோஃபீட்பேக்’ எப்படி உதவுகிறது?

இன்டர்வியூ அறைக்கு வெளியே காத்திருக்கும்போது கை ஜில்லென்று ஆவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அதற்கு ஏசி மட்டும் காரணமில்லை. பதற்றம் வந்ததும் உடம்பு தற்காப்புக்குத் தயாராகிறது. விரல்களில் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கி, விரலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதனால்தான் கை குளிர்கிறது. இதயம் படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது, தோள்பட்டை இறுகுவது எல்லாமே இதே பதற்றத்தின் வேலைதான்.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் பாதி நடப்பது நமக்கே தெரிவதில்லை. நாள் முழுக்கத் தோள்பட்டையை இறுக்கியபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, சாயங்காலம் தலைவலி வந்த பிறகுதான் விஷயமே புரியும். அவரிடம் “கொஞ்சம் ரிலாக்ஸா இருங்க” என்று சொன்னால், எதை, எப்படி ரிலாக்ஸ் செய்வது? அதைத் திரையில் காட்டிக் கற்றுக்கொடுக்கும் முறைதான் பயோஃபீட்பேக்.

பயோஃபீட்பேக் என்றால் என்ன?

கண்ணாடி பார்த்துத் தலை சீவுவது போலத்தான் இது. கண்ணாடி நமக்குத் தலை சீவிவிடாது. எங்கே கலைந்திருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். சீவ வேண்டியது நாம். அதேபோல, உடம்பில் ஒட்டப்படும் சென்சார்கள் உள்ளே நடப்பதை அளந்து திரையில் கோடாகவோ ஒலியாகவோ காட்டுகின்றன. அதைப் பார்த்தபடியே மூச்சை நிதானமாக்கி, தசையைத் தளர்த்திப் பழக வேண்டும். சென்சார்கள் அளக்க மட்டுமே செய்யும். வழக்கமான சிகிச்சையில் அவை நாம் உணரும் அளவுக்குக் கரன்ட் எதையும் உடம்புக்குள் செலுத்தாது.

என்னென்ன அளக்கிறார்கள்?

* தசை இறுக்கம்: நெற்றி, கழுத்து, தோள்பட்டைத் தசைகளின் மின்சமிக்ஞை
* விரல் வெப்பநிலை: ரத்த ஓட்டம் கூடுகிறதா, குறைகிறதா என்பதைக் காட்டும்
* தோலின் ஈரம்: பதற்றத்தில் சுரக்கும் வியர்வை
* இதயத் துடிப்பு: ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்குமான இடைவெளி எப்படி மாறுகிறது என்பது
* மூளை அலைகள்: இதற்குத் தனியாக ‘நியூரோஃபீட்பேக்’ என்று பெயர்

ஆரம்பம் எங்கே?

1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், தன்னிச்சையாக நடப்பதாகக் கருதப்பட்ட உடல் செயல்களைப் பயிற்சியால் மாற்ற முடியுமா என்று ஆராயத் தொடங்கினார்கள். 1969-ல் அவர்கள் கலிஃபோர்னியாவில் ஒன்றுகூடி ஆய்வுச் சங்கம் ஒன்றைத் தொடங்கியபோது, ‘பயோஃபீட்பேக்’ என்ற சொல்லை அதன் பெயரிலேயே சேர்த்தார்கள்.

இந்தக் கதையில் ஓர் இந்தியரும் இருக்கிறார். 1970-ல் கன்சாஸ் மாகாணம் டொபீகாவில் இருந்த மெனிங்கர் அறக்கட்டளை ஆய்வகத்தில், யோகியான சுவாமி ராமாவை ஆய்வாளர் எல்மர் கிரீன் பரிசோதித்தார். ஒரே உள்ளங்கையின் இரண்டு இடங்களுக்கு நடுவே சுமார் 10 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்ப வித்தியாசத்தை அவர் உண்டாக்கிக் காட்டியதாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

அதே ஆய்வகத்தில் கை வெப்பநிலைப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, கை சூடேறிய நேரத்தில் மைக்ரேன் வலி நின்றுபோனது. அதைக் கவனித்த பிறகுதான் தலைவலிக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அங்கே தொடங்கின.

ஒரு செஷனில் என்ன நடக்கும்?

பொதுவாக ஒரு செஷன் 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. முதலில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அளவுகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். அடுத்து, மனக்கணக்கு போடச் சொல்வது போன்ற சின்ன டென்ஷன் கொடுத்து எந்த அளவு ஏறுகிறது என்று கவனிப்பார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை இறுகும், இன்னொருவருக்குக் கை குளிரும். எது ஏறுகிறதோ அதற்குத்தான் பயிற்சி.

ஓரிரு செஷனில் முடிகிற விஷயம் இல்லை இது. பிரச்னையைப் பொறுத்து பல வாரங்கள் ஆகலாம், தினமும் வீட்டுப் பயிற்சியும் உண்டு. கடைசியில் திரை இல்லாமலே உடம்பை அமைதிப்படுத்தத் தெரிய வேண்டும். அதுவரை வந்தால்தான் சிகிச்சை வெற்றி.

யாருக்கெல்லாம் பலன் தரும்?

மைக்ரேன், டென்ஷன் தலைவலி இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. தலைவலிக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். மாத்திரையைக் குறைக்க வேண்டியவர்களுக்கும், கர்ப்பிணிகள் போல எல்லா மருந்தையும் எடுக்க முடியாதவர்களுக்கும் இது ஒரு வழி.

வெளியே சொல்லக் கூச்சப்படும் பிரச்னைகளுக்கும் இது உதவும். மலம் கழிக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்வதால் சிலருக்கு மலச்சிக்கல் வரும். அவர்களுக்கு இந்தப் பயிற்சி மிக நன்றாக வேலை செய்கிறது. தும்மினாலோ இருமினாலோ சிறுநீர் கசியும் பெண்களுக்கு, சரியான தசையை அடையாளம் கண்டு பலப்படுத்தவும் இது பயன்படுகிறது.

பதற்றம், மன அழுத்தத்தைக் குறைப்பதில் இதயத் துடிப்பு சார்ந்த பயிற்சி நல்ல பலன் காட்டியிருக்கிறது. உயர் ரத்த அழுத்தத்தில் கிடைக்கும் பலன் குறைவுதான், அது மாத்திரைக்குத் துணையே தவிர மாற்று இல்லை. குழந்தைகளின் கவனக்குறைபாட்டுக்கு நியூரோஃபீட்பேக் பரவலாக விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டுச் செய்த கவனமான ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பணம் கட்டும் முன் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாமா?

பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இதயத் துடிப்புப் பயிற்சியில் இதைச் சுமார் 6 ஆகக் குறைக்கச் சொல்வார்கள். 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே என்று வைத்துக்கொள்ளலாம். 5 நிமிடம் போதும். இழுத்துப் பிடித்து ஆழமாக மூச்சு விட வேண்டாம், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். ஸ்மார்ட் வாட்சில் தெரியும் ‘ஸ்ட்ரெஸ்’ எண் ஒரு குறிப்பு மட்டுமே, அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

இதையெல்லாம் கவனிங்க!

* பிபி, சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பயிற்சியால் அளவு குறைந்தாலும், டோஸை மாற்ற வேண்டியது மருத்துவர்தான். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.
* திடீரென்று வரும் கடுமையான தலைவலி, கை கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அது மூச்சுப் பயிற்சிக்கான நேரம் இல்லை.
* சும்மா படுத்தால் போதும், மெஷின் நோயைக் கண்டுபிடித்து அதுவே குணமாக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘குவாண்டம்’ என்ற பெயரில் புற்றுநோய்வரை சரியாகும் என்று விற்கப்படுபவை பயோஃபீட்பேக்கே இல்லை.
* பயிற்சி கொடுப்பவர் மருத்துவ உளவியலாளரா, பிசியோதெரபிஸ்ட்டா என்று கேளுங்கள். எத்தனை செஷன், மொத்தம் எவ்வளவு செலவு, எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தலைவலி உள்ளவர்கள் இன்றைக்கே தொடங்க ஒரு வேலை இருக்கிறது. எந்த நாள் வலி வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டரை எடுத்துப் போனால், இந்தச் சிகிச்சை உங்களுக்குத் தேவையா என்று முடிவு செய்வது அவருக்கும் சுலபமாக இருக்கும்.