மட்டாஞ்சேரிப் பெண்களின் பாட்டு நோட்டுகள்: திருமறையைத் தம் கைப்பட எழுதிய ஒரு மரபு

விவிலியத்தின் ஓரங்களில் வண்ணப் பேனாவால் எழுதுவதும் வரைவதும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கிறித்தவ இளையோரிடையே பரவியுள்ள பழக்கம். இதற்கெனவே அகன்ற ஓரம் விட்ட பதிப்புகள் அச்சாகின்றன. வாசித்த வசனத்தைப் படமாக்குவது, ஒரு சொல்லை அலங்கார எழுத்தில் தீட்டுவது, பக்கத்தில் தன் ஐயத்தையோ மன்றாட்டையோ குறித்துவைப்பது எனப் பதின்பருவத்தினரைத் திருமறையோடு உறவாடவைக்கும் வழியாக ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர். மறைநூலைக் கறைப்படுத்தும் செயல் என்று முகம் சுளிப்போரும் உண்டு. மேலைநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்த பாட்டு நோட்டுகளை அறிந்தால் இவ்விரு கருத்துகளையும் மறுபரிசீலனை செய்ய நேரும்.

முதலில், அந்நோட்டுகள் எதற்கு அருகில் பிறந்தன என்பதைக் காண வேண்டும். யூதர்களின் தோராச் சுருள் பயிற்சிபெற்ற எழுத்தரால், விதிக்கப்பட்ட மையினால், தோலில் எழுதப்படுவது. அதன் எழுத்துகள் எண்ணப்பட்டவை: 3,04,805. ஓர் எழுத்து பிழைபட்டாலும் அதனைத் திருத்தும் வரை வழிபாட்டில் வாசிக்க இயலாது. வாசிப்பவர் விரலால் தொடுவதில்லை. கை வடிவிலமைந்த சுட்டுகோலால் வரியைப் பின்தொடர்வார். ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கவும் அங்கு எவருக்கும் உரிமை இல்லை. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெப ஆலயத்தின் பேழையிலும் அத்தகைய சுருள்களே வீற்றிருந்தன.

ஆயினும் கேரள ஜெப ஆலயங்களில் ஒரு தனித்தன்மை உண்டு. கூடத்தின் நடுவிலுள்ள வாசிப்பு மேடையோடு, மாடத்திலும் ஒரு மேடை அமைக்கப்பட்டிருக்கும். அதன் பின்னே, மரச் சட்டத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் அமரும் பகுதி. சில நாள்களில் தோரா அந்த மேல்மேடையிலிருந்தே வாசிக்கப்பட்டது. அதாவது மறைநூல் ஒலித்த இடத்துக்கு மிக அருகில் அமர்ந்திருந்தோர் பெண்களே. கொச்சி யூதச் சிறுமியர் எபிரேய எழுத்தும் மன்றாட்டுகளும் கற்றனர்; ஆண்கள் இருக்கும்போதே குரலெடுத்துப் பாடினர். பெண்குரலை ஆண்கள் கேட்பதைக் கட்டுப்படுத்திய யூத சமூகங்கள் பல இருக்க, இங்கே அந்தத் தடை வேரூன்றவில்லை.

எபிரேயத்தில் செவியுற்ற அதே கதைகளை அவர்கள் மலையாளத்தில் பாடினர். திருமண வாரத்திலும், விருத்தசேதன விழாவிலும், பண்டிகை நாள்களிலும் வட்டமாக நின்று கைகொட்டி ஆடியபடி பாடப்பட்டவை இப்பாடல்கள். கைகொட்டிக்களியையும் கும்மியையும் அறிந்தவர்க்கு அந்த அசைவு அந்நியமன்று. கிடைத்துள்ள நோட்டுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. ஆனால் பாடல்கள் சிலவற்றின் மொழி அதனினும் மிகப் பழையது. தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதுவாள். மகளின் நோட்டு பேத்தியிடம் செல்லும். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை பெண்களுக்கு இளவயதிலேயே மணம் முடிந்த சமூகத்தில், இந்தக் கல்வி இன்று நாம் பதின்பருவம் என்று கூறும் வயதைத் தொடாமல் இருந்திருக்க இயலாது.

பாடல்களில் ஆபிரகாமும் யோசேப்பும் மோசேயும் வருகின்றனர். ஆயின் விவிலியக் கதை அப்படியே பெயர்க்கப்படவில்லை. விவிலியம் சொல்லாமல் விட்ட இடங்களை நிரப்பும் விளக்கக் கதைகளை யூத மரபு மித்ராஷ் என்றழைக்கிறது. அக்கதைகளையும் இப்பெண்கள் அறிந்திருந்தனர், பாட்டுக்குள் இழைத்தனர். அவற்றோடு கேரளத்தின் கிளியும் வந்து அமர்ந்தது. தூது செல்லும் கிளியும் கதை சொல்லும் கிளியும் தமிழ், மலையாள இலக்கியங்களில் நெடுங்காலமாகப் பறந்துகொண்டிருப்பவை. மணமகனைப் பாடும் பாடல்களில் யோசேப்பு ரப்பான் நினைவுகூரப்படுகிறார். ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனிடமிருந்து செப்பேட்டு உரிமைகள் பெற்ற யூதத் தலைவர் அவர். வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேடு அவரை ‘இசுப்பு இரப்பான்’ என்று எழுதுகிறது. தமிழ் வாசகர் சற்று முயன்றால் அதன் பல சொற்களை உரை இன்றியே அறியலாம்.

எபிரேய மூலத்தைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பெயர்த்துக் கற்பிக்கும் முறையும் கொச்சி யூதரிடம் இருந்தது. ‘தஃப்சீர்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபாக அதனைத் ‘தம்சீர்’ என்றனர். மூலத்தின் சொல்வரிசையைக் குலைக்காத, பேச்சில் எவரும் வழங்காத மலையாளம் அது. பாடம் கற்க உதவும். பாடிக் களிக்க உதவாது. பெண்களின் பாட்டில் இக்கண்டிப்பு தளர்ந்தது. எபிரேயப் பெயர்களும் சொற்களும் ஆங்காங்கே நிற்க, அவற்றைச் சூழ்ந்து நாட்டு மொழி தாராளமாகப் புழங்கியது. ஒரு சமூகம் தன் மறைநூலைக் காப்பதற்குத் தம்சீரும் வேண்டும். ஆயினும் வளரும் பிள்ளை அந்நூலைத் தன்னுடையதாகக் கொண்டது பாட்டு நோட்டின் வழியாகத்தான் என்று கருத இடமுண்டு.

தமிழகத்திலும் இதற்கு இணை காணலாம். 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சை வந்தவர். ஐரோப்பியப் பாதிரிமாரிடம் இளமையிலேயே மறைக்கல்வி பெற்ற அவர், 1800ஐ ஒட்டிப் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் பாடியபோது கையாண்டது குறத்தி குறிசொல்லும் நாட்டு வடிவத்தை. ஆனால் அவர் புலவர். அவர் பெயர் நின்றது. மட்டாஞ்சேரியின் பழம்பாடல்களை இயற்றியவர்கள் பெரும்பாலும் பெயரறியப்படாதவர்கள்.

நோட்டுகளை ஒப்பிடுவோரை முதலில் மருட்டுவது பாடவேறுபாடு. ஒரே பாடல் ஒரு நோட்டில் நீண்டும் இன்னொன்றில் குறுகியும் இருக்கும். பொருள் மறந்துபோன பழஞ்சொல் ஒன்றைப் படியெடுத்தவள் செவிக்குப் பழகிய வேறொன்றாக மாற்றியிருப்பாள். மூலபாடத்தைத் தேடும் அறிஞனுக்கு இது பெருந்தொல்லை. எனினும் தோராச் சுருளில் ஓரெழுத்தும் அசையாதிருக்க, அதே கதையைச் சொல்லும் நோட்டு கைக்குக் கை அசைந்துகொண்டேயிருந்தது என்பதை வெறும் கவனப் பிழையாகத் தள்ளிவிடல் தகாது. பொருள் விளங்காத இடத்தில் பொருள் தேடியதன் தடம் அது. இன்றைய இளையோர் விவிலிய ஓரத்தில் இடும் கேள்விக்குறியும் ஏறக்குறைய இதே பணியைத்தான் செய்கிறது.

வேறுபாடு ஒன்றும் உண்டு, அது சிறியதன்று. இன்றைய ஓரக்குறிப்பு தனியறையில் பிறந்து, மிஞ்சினால் ஒரு நிழற்படமாகக் கைப்பேசியில் உலவி முடிகிறது. வண்ணப் பேனா, ஒட்டுப்படம், அலங்கார நாடா என அதைச் சூழ்ந்து வளர்ந்துள்ள வணிகத்தில் வசனமே பின்னுக்குப் போய்விடுவதும் உண்டு. மட்டாஞ்சேரி நோட்டில் அலங்காரம் அரிது. எழுதியவள் அதனைப் பிறரோடு கூடிப் பாட வேண்டியிருந்தது. அடுத்திருப்பவள் வேறு சொல் பாடினால் அங்கேயே விவாதம் எழுந்திருக்கும்.

இக்கூட்டுப் பாட்டுக்கு மற்றொரு கனமும் இருந்தது. கொச்சி யூதர்களிடையே சாதியை ஒத்த பிளவுகள் ஆழமாக நிலவின. பரதேசி ஜெப ஆலயத்தில் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோராகக் கருதப்பட்டவர்கள் சமமாக நடத்தப்படவில்லை. முழு வழிபாட்டு உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி.சேலம் காந்தியடிகளின் அறவழியில் அதனை எதிர்த்துப் போராடினார். அதே ஊரின் மலபாரி யூதர்களோடு பரதேசியர் மண உறவும் கொள்ளவில்லை. ஆனால் ஒரே பாடல்கள் இப்பிரிவுகள் அனைத்தின் நோட்டுகளிலும் காணப்படுகின்றன. ஆண்கள் வகுத்த வரிசையை நோட்டுகள் மதிக்கவில்லை.

சேலத்தின் போராட்டம் எந்த மக்களுக்காகவோ அவர்களிடையே 1912இல் பிறந்தவர் ரூபி டேனியல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றினார்; 1951இல் இஸ்ரேல் சென்று ஒரு கிப்புட்ஸில் குடியேறினார். பாட்டியிடமும் உறவினரிடமும் இளமையில் கேட்ட பாடல்களை அவர் மறக்கவில்லை. எழுபதாம் வயதை ஒட்டி அவற்றை ஆங்கிலமாக்கத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பெயர்த்தார். மானிடவியலாளர் பார்பரா ஜான்சனோடு இணைந்து அவர் எழுதிய ‘ரூபி ஆஃப் கொச்சின்’ 1995இல் வெளிவந்தது. சிறுவயதில் செவிவழி பெற்ற திருமறை, அறுபதாண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில், வேறொரு மொழியில் மீண்டும் அவர் கையால் எழுதப்பட்டது.

1950களின் முற்பாதியில் கேரள யூதருள் பெரும்பான்மையினர் இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்தனர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட சமூகம் அது. பெட்டிகளோடு நோட்டுகளும் சென்றன. நெவாதிம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அவை சில காலம் அலமாரிகளில் உறங்கின. 1970கள் தொடங்கி பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பர்க், எர்ணாகுளத்தின் பி.எம்.ஜூசே ஆகியோர் அவற்றைத் தேடித் தொகுத்தனர். ஏறத்தாழ 300 பாடல்கள் திரண்டன. ‘நீரித்’ என்னும் பாடகியர் குழு அவற்றை மீண்டும் மேடையேற்றியது. 2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையம் ஒலித்தட்டு ஒன்றை வெளியிட்டது.

காலடி சங்கராச்சாரியார் சமஸ்கிருதப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ஸ்கறியா சக்கரியாவும் ஒபீரா கம்லியேலும் பதிப்பித்த ‘கார்குழலி’ 2005இல் ஜெருசலேமின் பென்-ஸ்வி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதில் மலையாளப் பாடல்களோடு எபிரேய மொழிபெயர்ப்பும் சேர்க்கப்பட்டது. எபிரேய மறையை மலையாளத்தில் பாடிய பாட்டிமாரின் நோட்டை, மலையாள எழுத்தறியாத பேத்திமார் இப்போது எபிரேயத்தின் வழியே வாசிக்கின்றனர்.