சொல் தேடிய பாரதியார்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு ஓர் அனுபவம் பொதுவானது. ஊருக்குக் கடிதம் எழுத அமர்கிறோம். எழுதிக்கொண்டே வருகையில் பேனா சட்டென்று நின்றுவிடுகிறது. அன்றாடம் வழங்கும் இந்திச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ நாவில் நிற்கிறது. தமிழ்ச் சொல் மட்டும் வர மறுக்கிறது. பிற மொழிகளின் நடுவே வாழ்வதால் நம் தமிழ் தேய்ந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம். இவ்வச்சம் தேவைதானா? சுப்பிரமணிய பாரதியார் எழுத்தாளராக உருவான வரலாறு இதற்கு விடை தருகிறது.

1882-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், இளமையிலேயே அரண்மனைப் புலவர் மத்தியில் கவி புனைந்து புகழ் பெற்றவர். 1898-இல் தந்தையார் மறைந்தபின், காசியில் இருந்த அத்தையின் இல்லத்துக்குச் சென்றார். கங்கைக் கரையில் கழிந்த அவ்வாண்டுகளில் வடமொழியும் இந்தியும் பயின்றார். வேற்று மொழி ஒலிக்கும் வீதிகளில் நம்மைப் போலவே நடந்தவர்தாம் அவரும்.

ஊர் திரும்பிய அவர், 1904-இல் சென்னை வந்து 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியரானார். ஜி. சுப்பிரமணிய ஐயர் நிறுவிய இதழ் அது. ஆங்கிலத்தில் வந்து குவியும் செய்திகளைத் தமிழாக்குவது பாரதியாரின் பணி. ருசியாவும் ஜப்பானும் போரிட்டுக்கொண்டிருந்த காலம். போர்ச் செய்தியும் அரசியல் விவாதமும் கேட்கும் சொற்கள் பழைய நிகண்டுகளில் இல்லை. செய்யுள் எழுதுவோர் ஒரு சொல்லுக்காகப் பல நாள் காத்திருக்கலாம். நாளிதழோ ஒரு நாளும் காத்திராது. அரண்மனைக் கவிஞரை மக்களின் எழுத்தாளராக்கிய பட்டறை அதுவே எனலாம்.

சொல்லுக்காக அவர் பட்ட பாட்டை அவரே ஒரு கட்டுரையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். 'மெம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் வேண்டும். 'அவயவி' பொருந்தவில்லை. 'அங்கத்தான்' ஒத்துவரவில்லை. 'சபிகன்' பொருளால் சரியே. ஆயினும் பொதுமக்கள் அறியாதது. வெகுநேரம் சிந்தித்தும் மனம் நிறையாமல், இறுதியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டார்.

இதனைத் தோல்வி என்று நாம் கருத வேண்டியதில்லை. பொருள் பிழையாத சொல்லாயிருத்தல் மட்டும் போதாது. படிப்பவர் அறியவும் வேண்டும், செவிக்கு இசையவும் வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட சோதனை. அதில் தேறாத சொல்லை வலிந்து புகுத்த அவர் உடன்படவில்லை. அவர் விட்ட இடத்தில் பின்வந்தோர் முயன்றனர். இன்று 'உறுப்பினர்' என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர்.

தேடல் வெற்றி கண்ட இடங்களும் உண்டு. 1917-இல் ருசியாவில் மன்னராட்சி வீழ்ந்ததைப் பாட வந்தபோது 'யுகப்புரட்சி' என்றார். புரளுதல், புரட்டுதல் என்று உழவரும் வணிகரும் வழங்கும் சொற்களோடு உறவுடையது 'புரட்சி'. ஆகவே அகராதியின் துணையின்றியே அது மக்களுக்கு விளங்கிற்று. 1912-இல் வெளியான 'பாஞ்சாலி சபத'த்தின் முன்னுரையிலும், ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கம் உடையவரும் பொருள் உணரும்வண்ணம் காவியம் எழுதப்பட வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார்.

பிற மொழிகளோடு பழகியது பாரதியாரின் தமிழைத் தேய்க்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எடுக்கும் பழக்கத்தை அளித்தது. அப்பழக்கத்திற்கான வாய்ப்பு நமக்கு நாள்தோறும் வாய்க்கிறது. ஆகவே அடுத்த முறை பேனா நிற்கும்போது நாம் அஞ்ச வேண்டாம். சற்றே சிந்திப்போம்; வீட்டிலுள்ள முதியோரைக் கேட்போம். நல்ல சொல் அகப்பட்டால் நம் மக்களுக்கும் சொல்லி வைப்போம். அகப்படாவிடில், பாரதியாரைப் போல அறிந்த சொல்லையே கூசாமல் எழுதிவிட்டு, தேடலைத் தொடர்வோம். கடிதத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட வேண்டாம்.