ஃபைனலைஸ் பண்ணாத 14 டிஸ்க்கு

இன்னிக்கு மருத்துவப் பதிவு இல்லை. ஆனா வீட்டுல பழைய கல்யாண கேசட்டோ, கையால பேர் எழுதின டிவிடியோ வச்சிருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. கொஞ்சம் நீண்ட இழைதான்.

போன மாசம் சிங்கப்பூரிலிருந்து பெரியம்மா வந்திருந்தாங்க. பெரியப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. பெட்டியிலிருந்து முறுக்கு, தைலம் எல்லாம் எடுத்து வச்சிட்டு, கடைசியில துண்டுல சுத்தின ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாங்க. கூடவே 14 டிவிடி. எல்லாத்துலயும் பெரியப்பா கையெழுத்து: "பாப்பா முதல் நாள் பள்ளிக்கூடம்", "அம்மா ஊர் வந்தது", "தீபாவளி"...

"எந்த பிளேயர்ல போட்டாலும் டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுதுடா தம்பி. பெட்டியும் ஆன் ஆகல. கேமரா கேசட்டை எல்லாம் இதுல ஏத்திட்டோம்னு அப்பவே தூக்கிப் போட்டுட்டார் உன் பெரியப்பா"ன்னாங்க.

அந்தப் பெட்டிதான் ஹார்டு டிஸ்க் வச்ச டிவிடி ரெக்கார்டர். நம்ம ஊர்ல பலர் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டீங்க. நானே வீட்டுல பார்த்ததில்லை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ லேப்ராஸ்கோபி தியேட்டர்ல, கேமரா டிராலியின் கீழ்த்தட்டுல இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெட்டி இருக்கும். ஆபரேஷனைப் பதிவு பண்ண. அதோட சரி.

இது எங்கிருந்து வந்தது, ஏன் காணாமப் போச்சுன்னு தேடப் போனா, அது பெரிய கதை.

1975-ல சோனி பீட்டாமேக்ஸ் கொண்டு வருது. டிவியில ஓடுற நிகழ்ச்சியை வீட்டுலயே பதிவு பண்ணி, நமக்கு வேணுங்கிற நேரத்துல பார்க்கலாம். ஆரம்பத்துல ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம்தான். அடுத்த வருஷமே ஜேவிசி கம்பெனி வி.எச்.எஸ். கொண்டு வந்தது, அதுல ரெண்டு மணி நேரம். ஒரு முழு சினிமா ஒரே கேசட்டுல அடங்கிடும். பீட்டாமேக்ஸ் தோத்ததுக்கு எத்தனையோ காரணம் சொல்வாங்க, இந்த ஒரு மணி நேரக் கணக்கு அதுல முக்கியமானது.

நமக்கு இதெல்லாம் "டெக்கு" என்ற பேர்லதான் அறிமுகம். வாடகைக்கு டெக்கு எடுத்து, ராத்திரி முழுக்க மூணு படம் ஓட்டின தலைமுறை இதைப் படிக்கிறவங்கள்ல நிச்சயம் இருக்கும். ஆனா நாம அதைப் படம் போட்டுப் பார்க்கிற மெஷினாத்தான் பார்த்தோம். அமெரிக்காவுல சண்டை வந்தது அதோட இன்னொரு பட்டனுக்காக. சிவப்பு பட்டன். ரெக்கார்டு.

1976-ல யுனிவர்சல், டிஸ்னி ரெண்டு கம்பெனியும் சோனி மேல வழக்கு போட்டாங்க. வீட்டுல உட்கார்ந்து எங்க படத்தைப் பதிவு பண்றது திருட்டு, அதுக்கு மெஷின் வித்தவனும் பொறுப்புன்னு வாதம். கீழ்க்கோர்ட்டுல சோனி ஜெயிச்சது, மேல்முறையீட்டுல தோத்தது. திரைப்படக் கம்பெனிகளின் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டி 1982-ல நாடாளுமன்றக் குழு முன்னால போய், தனியா இருக்கிற பெண்ணுக்கு பாஸ்டன் நகரத்துக் கொலைகாரன் எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு இந்த மெஷின்னு பேசினார். பின்னால அதே மெஷினுக்கு கேசட் வித்தே அந்தக் கம்பெனிகள் கோடிகோடியா சம்பாதிச்சது வேற விஷயம்.

1984 ஜனவரி 17. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்குல சோனி பக்கம் தீர்ப்பு சொல்லுது. வேற நேரத்துல பார்க்கிறதுக்காக வீட்டுல பதிவு பண்றது தப்பில்லை. இந்தத் தீர்ப்புல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தின ஃபிரெட் ராஜர்ஸ் சாட்சி சொன்னதை அதுல குறிப்பிட்டிருக்காங்க. தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு பண்ணி வசதியான நேரத்துல சேர்ந்து பார்க்கிறதுல தனக்கு ஆட்சேபணை இல்லை, அது நல்லதுதான்னு சொன்னவர் அவர். ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா பெரியப்பாவோட கறுப்புப் பெட்டியே பிறந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

வீட்டுல பதிவு பண்றது வெறும் பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. பிபிசி 1960-கள்ல எடுத்த டாக்டர் ஹூ தொடரின் பல பகுதிகளை அவங்களே அழிச்சிட்டாங்க. ஆனா காணாமப் போன அத்தனை பகுதிக்கும் ஒலி மட்டும் இன்னிக்கும் இருக்கு. காரணம், டிவி முன்னால டேப் ரெக்கார்டரை வச்சுப் பதிவு பண்ணின ரசிகர்கள். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரத்துல மேரியன் ஸ்டோக்ஸ்னு ஒரு அம்மா, நூலகரா இருந்தவங்க, 1979-லிருந்து 2012-ல சாகிற வரைக்கும் இரவும் பகலும் செய்திச் சேனல்களைப் பதிவு பண்ணினாங்க. ஏறத்தாழ 70,000 கேசட். டிவி நிலையங்களே வச்சுக்காததை ஒரு அம்மா வீட்டுல அடுக்கி வச்சிருந்தாங்க.

சரி, டிவிடிக்கு வருவோம்.

1999 டிசம்பர்ல ஜப்பான்ல பயனியர் கம்பெனி முதல் டிவிடி ரெக்கார்டரை வித்தது. விலை 2,50,000 யென். ஆனா டிவிடியில ஒரு சிக்கல். கேசட்னா அழிச்சு அழிச்சுப் பதிவு பண்ணலாம். டிவிடி-ஆர் டிஸ்க்குல ஒரு தடவைதான். லேசர் ஒளி அதுல இருக்கிற சாயத்தைச் சுட்டுத் தடம் போடுது, சுட்டது சுட்டதுதான். நடுவுல விளம்பரம் வந்தா அதையும் சேர்த்துச் சுட்டுடும்.

அதனால 2001-ல தோஷிபா ஒரு வேலை பண்ணினாங்க. அதே பெட்டிக்குள்ள 30 ஜிபி ஹார்டு டிஸ்க்கையும் வச்சாங்க. முதல்ல ஹார்டு டிஸ்க்குல பதிவு. அப்புறம் வேண்டாததை வெட்டு. மிச்சத்தை மட்டும் டிவிடியில ஏத்து. பதிவு ஓடிக்கிட்டிருக்கும்போதே அதே நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். கிரிக்கெட்டுக்கு நடுவுல கரண்ட் போய் வந்த அனுபவம் உள்ளவங்களுக்கு இதோட அருமை தெரியும் (கரண்ட் போனா ரெக்கார்டரும் போயிடும், அது வேற). நம்ம ஊர்ல இந்த வசதி பரவலாத் தெரிய வந்தது 2008-ல டாட்டா ஸ்கை பிளஸ் வந்தப்போதான். ஆனா அதுல டிவிடி எழுத முடியாது.

இந்த மெஷினை மாட்டுறது அப்படி ஒண்ணும் கஷ்டமில்லை. ஆன்டெனா ஒயர் முதல்ல ரெக்கார்டருக்கு, அங்கிருந்து டிவிக்கு. கேமராவோ டெக்கோ இருந்தா மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை லைன் இன்புட்ல சொருகணும். மஞ்சள் படம், மத்த ரெண்டும் ஒலி. சேனல் தேடவிட்டு, கடிகாரத்தைச் சரியா வைக்கணும். கடிகாரம் தப்பானா டைமர் ரெக்கார்டிங் எல்லாமே தப்பு.

ஜனங்க தடுமாறினது தரம் தேர்ந்தெடுக்கிற இடத்துல. எக்ஸ்.பி. வச்சா 4.7 ஜிபி டிஸ்க்குல ஒரு மணி நேரம். எஸ்.பி. ரெண்டு மணி, எல்.பி. நாலு மணி, இ.பி. ஆறோ எட்டோ. மணி கூடக் கூட முகமெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும். 160 ஜிபி ஹார்டு டிஸ்க்னா எஸ்.பி.யில சுமார் 68 மணி நேரம் கொள்ளும். எந்தத் தரத்துல ஹார்டு டிஸ்க்குல ஏத்தினோமோ அதே தரத்துல டிவிடிக்கு மாத்தினா வேகமாவும் போகும், படமும் கெடாது. நடுவுல தரத்தை மாத்தினா முழு நேரமும் ஓடி, மறுபடி சுருக்கி, படம் இன்னும் மங்கும்.

கடைசியா ஒரு வேலை இருக்கு. ஃபைனலைஸ். டிஸ்க்குல என்ன எங்க இருக்குங்கிற பட்டியலையும் முடிவுக் குறியையும் எழுதி மூடுற வேலை. இதைப் பண்ணாத வரைக்கும் பதிவு பண்ணின மெஷினுக்கு மட்டும்தான் அந்த டிஸ்க் புரியும். மத்த பிளேயருக்கு அது வெத்து டிஸ்க். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதாம பேஷன்ட்டை அனுப்பின மாதிரி. சிகிச்சை எல்லாம் நடந்திருக்கு, ஆனா அடுத்த ஆஸ்பத்திரிக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது.

மெனுவுல எங்கயோ உள்ளே போய் அமுக்கணும், முடிய சில நிமிஷம் ஆகும், அப்புறம் டிவிடி-ஆர்ல மேற்கொண்டு எதையும் சேர்க்க முடியாது. டிஸ்க்குல இன்னும் இடம் இருக்கே, அப்புறம் பண்ணிக்கலாம்னு விடுறது மனுஷ இயல்பு. பெரியப்பா சிக்கனமானவர்.

இந்தப் பெட்டிகள் ஏன் மறைஞ்சது? யூடியூப், செட்டாப் பாக்ஸ்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஜப்பான்ல நடந்ததைப் பாருங்க. 2004 ஏப்ரல்ல டிஜிட்டல் ஒளிபரப்புக்கு 'ஒரு பிரதி மட்டும்' என்ற கட்டுப்பாடு வந்தது. ஹார்டு டிஸ்க்குல பதிவானதே அந்த ஒரு பிரதி. டிவிடிக்கு மாத்தினா ஹார்டு டிஸ்க்குல இருக்கிறது அழிஞ்சிடும். பாதியில டிஸ்க் சொதப்பினா? ரெண்டும் போச்சு. காசு கொடுத்து மெஷின் வாங்கினவன் தலையில இப்படி ஒரு விதி. நாலு வருஷம் ஜனங்க முணுமுணுத்த பிறகு, 2008 ஜூலையில பத்து தடவை வரைக்கும் மாத்திக்கலாம்னு தளர்த்தினாங்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமையை யாரும் பறிக்கல, மெஷினுக்குள்ளயே பூட்டு வச்சிட்டாங்க, அவ்வளவுதான்.

அதுக்குள்ள அனலாக் ஒளிபரப்பே முடிவுக்கு வந்துடுச்சு. அமெரிக்காவுல 2009 ஜூன். ஜப்பான்ல 2011 ஜூலை 24. சுனாமி அடிச்ச இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை அவகாசம் கொடுத்தாங்க. அனலாக் டியூனர் மட்டும் வச்ச ரெக்கார்டர்கள் அன்னிக்கே பாதி செத்துப் போச்சு. 2016-ல ஃபுனாய் கம்பெனி கடைசி வீடியோ கேசட் ரெக்கார்டரையும் நிறுத்தினது.

பெரியம்மா பெட்டிக்கு வருவோம்.

என் தம்பி, சாஃப்ட்வேர்காரன், "ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிக் கம்ப்யூட்டர்ல மாட்டிடலாம்ணா"ன்னான். நல்லவேளை, முதல்ல படிச்சுப் பார்த்தோம். இந்த ரெக்கார்டர்கள்ல பெரும்பாலானது தனக்குன்னு ஒரு கோப்பு அமைப்பு வச்சிருக்கும். கம்ப்யூட்டர்ல சொருகினா விண்டோஸுக்குப் புரியாது, 'ஃபார்மட் பண்ணவா?'ன்னு கேட்கும். ஆமான்னு அமுக்கினா கதை முடிஞ்சது. வேற ரெக்கார்டர்ல மாட்டினாலும் பல மாடல்கள் 'இனிஷியலைஸ் பண்ணவா'ன்னு கேட்கும். அதுவும் அதேதான்.

அப்போ ஒரே வழி, அந்தப் பெட்டியையே உயிரோட எழுப்பணும்.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டிவி மெக்கானிக் இருக்கார். எல்.இ.டி. டிவி வந்த பிறகு கடையில பாதி மொபைல் கவர்தான் தொங்குது. "அண்ணே, ஹார்டு டிஸ்க்கை மட்டும் தொட வேண்டாம்"னு சொல்லிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "பவர் சப்ளை போர்டுல கெப்பாசிட்டர் உப்பிக்கிச்சு டாக்டர், பாருங்க தலை மேல தூக்கி நிக்குது." நாலு கெப்பாசிட்டர் மாத்தினார். 350 ரூபாய். மூணு வருஷமா செத்துக் கிடந்தது பச்சை விளக்கைக் காட்டினது.

14 டிஸ்க்கையும் ஒவ்வொண்ணா போட்டு ஃபைனலைஸ் கொடுத்தோம். 12 வந்தது. ரெண்டு டிஸ்க்கைப் பெட்டியே படிக்கல, சாயம் போயிருக்கலாம். அதுல ஒண்ணு 'அம்மா ஊர் வந்தது'. எங்க அப்பாயி சிங்கப்பூர் போன ஒரே தடவை. ஹார்டு டிஸ்க்குல தேடினோம். பெரியப்பா அதை டிவிடிக்கு ஏத்திட்டு, இடத்துக்காக அழிச்சிருக்கார். தம்பி கம்ப்யூட்டர்ல மீட்பு மென்பொருள் போட்டு முயற்சி பண்ணிட்டிருக்கான். சின்னத் துண்டு துண்டா கொஞ்சம் வருது.

உங்க வீட்டுல இப்படி இருந்தா: பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீங்க. அதுல பதிவான டிஸ்க்கை அதுலயே ஃபைனலைஸ் பண்ணுங்க. பண்ணினதைக் கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. ஹார்டு டிஸ்க்குல மட்டும் இருக்கிறதை மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயர் வழியா ஒரு யூ.எஸ்.பி. கேப்சர் கருவியில ஓடவிட்டுப் பிடிச்சிடலாம். 'ஃபார்மட்' என்ற சொல் எங்க வந்தாலும் கையை எடுத்துடுங்க. ஒரிஜினல் கேசட் இன்னும் இருந்தா, தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க.

'பாப்பா முதல் நாள் பள்ளிக்கூடம்' டிஸ்க் ஓடினப்போ, அக்கா அழுதுக்கிட்டே ஸ்கூல் பஸ்ல ஏறுறா. படம் கொஞ்சம் மங்கல்தான், எல்.பி.யில பண்ணியிருக்கார். பெரியப்பா ஃபிரேம்லயே இல்லை, அவர்தானே கேமரா பிடிக்கிறார். குரல் மட்டும் வருது. "அழாதடா, அப்பா இங்கயேதான் நிப்பேன்."

பெரியம்மா ரிமோட்டை வாங்கி, அந்த இடத்தைத் திரும்ப வச்சாங்க.